மடிக்கணினியின் ஆயுளுக்கும் பந்தயமா?



உயர்தர வகுப்பில் படிக்கும் மகளுக்காக மாதம் மாதமாகக் காசு சேர்த்து, விலை குறைந்த ஒரு மடிக்கணினியைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் மூத்த மகன் வந்து, "உம்மா, இத வாங்க வேணாம். கம்பனி இத நிப்பாட்டப் போகுது. நூற்றுக்கு எழுபதென்று சந்தையே சொல்லுது" என்கிறார்.

"எந்தச் சந்தை மகன்?" என்று கேட்பீர்கள் அல்லவா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அதன் பெயர் கணிப்புச் சந்தை. அங்கே விற்பனைக்கு வருவது ஒரு கேள்வி. 'இந்த மடிக்கணினி டிசம்பருக்குள் நிறுத்தப்படுமா?' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆம்' என்ற சீட்டின் விலை 70 சதம், 'இல்லை' என்ற சீட்டின் விலை 30 சதம். நிறுத்தப்பட்டால் 'ஆம்' சீட்டுக்கு ஒரு டொலர் கிடைக்கும். 'இல்லை' சீட்டு வாங்கியவரின் காசு போய்விடும். அந்த 70 சதத்தைத்தான் உங்கள் மகன் 'நூற்றுக்கு எழுபது' என்று வாசித்திருக்கிறார்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988இல் ஜனாதிபதித் தேர்தலைக் கணிக்க, ஆய்வுக்காக இப்படியொரு சந்தையை நடத்தியது. 1990களில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் தன் ஊழியர்கள் சிலரைக் கொண்டு அச்சியந்திர விற்பனையைக் கணித்துப் பார்த்தது. நிறுவனத்தின் வழக்கமான மதிப்பீட்டைவிடச் சந்தையின் கணிப்பே பெரும்பாலும் சரியாக இருந்தது. காரணம் எளிது, விடயம் தெரிந்தவர்களே அதில் கலந்துகொண்டார்கள். பின்னர் பொலிமார்க்கெட், கல்ஷி போன்றவை இதைப் பெரும் வியாபாரமாக்கின.

உள்ளிருப்பவரும் வெளியில் இருப்பவரும்

ஒரு மடிக்கணினியை நிறுத்துவதா என்பதைத் தீர்மானிப்பவர்கள் ஒரு கம்பனிக்குள் இருக்கும் சிலர். வெளியில் இருந்து சீட்டு வாங்கும் நம் பிள்ளைக்குக் கிடைப்பது வதந்தி மட்டுமே. மறுபக்கம் சீட்டு வாங்கியவர் உள்விடயம் அறிந்தவராக இருந்தால், யார் காசு யார் கைக்குப் போகும்?

'நிறுத்தப்பட்டது' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. அப்பிள் நிறுவனம் 2020இல் வெளியிட்ட எம்1 மக்புக் எயாரை 2024 மார்ச்சில் தன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. அதே மாதம் அமெரிக்காவின் வோல்மார்ட் கடைகள் அதைப் புத்தம் புதிதாக 699 டொலருக்கு விற்கத் தொடங்கின. முதலில் அதன் விலை 999 டொலர்! இப்போது சொல்லுங்கள், அது நிறுத்தப்பட்டதா, இல்லையா? பந்தயம் கட்டியவர்கள் சண்டை பிடிப்பார்கள். வாங்கிய தாய்க்கோ 300 டொலர் மிச்சம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே சகோதரிகளே, உற்பத்தி எப்போது நிற்கும் என்று அஞ்சுவதை விட்டு, கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்.

மென்பொருள் பாதுகாப்பு எந்த ஆண்டுவரை கிடைக்கும்? விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை மலிவென்று வாங்கி ஏமாறாதீர்கள். 2021 முதல் வெளிவந்த குரோம்புக் வகைகளுக்கு 10 ஆண்டுகள் புதுப்பிப்புத் தருவதாக கூகிள் 2023இல் அறிவித்தது. குரோம்புக் வாங்குவதானால் அது எந்த ஆண்டு வெளிவந்தது என்று பாருங்கள்.

பற்றரி, திரை, விசைப்பலகை பழுதானால் மாற்றக் கிடைக்குமா? உத்தரவாதம் எவ்வளவு காலம்? பழுதானால் யாரிடம் கொண்டுபோவது? உற்பத்தி நின்றாலும் இவை கிடைத்தால் மகளின் படிப்பு நிற்காது.

கடைசியாக, மகனிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். "மகன், நீங்களும் அதில காசு வைத்தீங்களா?" சந்தை என்று பெயர் சூட்டினாலும், ஒருவர் தோற்கும் காசை மற்றவர் எடுப்பது பந்தயம்தான். சூதாட்டத்தை நம் மார்க்கம் விலக்கியிருப்பதை அவர் அறியாதவரல்லர். ஆனால் கைத்தொலைபேசிக்குள் அது கணக்குப் பாடம் போலத் தோன்றுகிறது.

கோபிக்காமல் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்த்தி, அந்த 70 சதம் யாருடைய காசு என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.