நிலவறை வெள்ளம்

நிலவறை வெள்ளம் என்பது குழாய் உடைவு, மிதவை வால்வுப் பழுது முதலியவற்றால் கட்டிடத்தின் தரைமட்டத்திற்குக் கீழுள்ள பகுதியில் நீர் தேங்குவதைக் குறிக்கும். சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் தனி வீடுகளில் நிலவறை அரிது. அடுக்குமாடிக் கட்டிடங்களின் கீழ்த்தள வாகன நிறுத்தத்திலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. 1,000 லிட்டர் நீர் 20 சதுர மீட்டர் தரையில் 5 செ.மீ. உயரத்திற்கு நிற்கும்.

எதிர்கொள்ளும் முறை

* நீரில் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதை அடைய நீரில் நடக்க நேருமாயின், மின்வாரியத்தின் மூலம் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
* மோட்டாரை நிறுத்தி, மேல்நிலைத் தொட்டியின் வால்வை மூட வேண்டும்.
* டீசல் பம்பு நிலவறைக்கு வெளியே, திறந்தவெளியில் மட்டுமே இயக்கப்பட வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமம் ஆகும்.
* சம்ப்பில் அழுக்குநீர் கலந்திருப்பின், அதைக் காலிசெய்து, பிளீச்சிங் பவுடரால் கழுவிய பின்னரே நிரப்ப வேண்டும்.