வளாகப் பெயர்ப்பலகையில் இந்தி: விதி உண்மையில் என்ன சொல்கிறது?

ஐ.ஐ.டி. மாதிரியான மத்திய கல்வி வளாகங்களின் வாசலில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிப் பலகை பார்த்திருப்பீங்க. "மத்திய நிறுவனம், அதனால் இந்தி சட்டப்படி கட்டாயம்" என்று பலரும் சொல்வார்கள். எடுத்துப் படித்தால் கதை வேறு.

1963 ஆட்சிமொழிச் சட்டத்தின் கீழ் 1976-இல் விதிகள் வந்தன. மத்திய அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகை, லெட்டர்ஹெட், கடித உறை எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கணும் என்கிறது 11-ஆம் விதி. ஆனால் முதல் விதியிலேயே ஒரு வரி இருக்கிறது: இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும். பெயர் சொல்லி விலக்கப்பட்ட ஒரே மாநிலம் நாமதான். இதில் காலத்தைக் கவனிங்க. நெருக்கடி நிலை, ஜனவரியில் இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள், விதிகள் வந்தது ஜூனில். தட்டிக் கேட்க மாநில அரசே இல்லாத நேரத்திலும் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். 1965 டெல்லிக்கு மறக்கவில்லை என்பது என் ஊகம்.

புதுச்சேரிக்கு இந்த விலக்கு கிடையாது. காலாப்பட்டிலும் திருவாரூரிலும் இருப்பவை இரண்டுமே மத்தியப் பல்கலைக்கழகங்கள்தான். முதல் ஊரில் விதிகள் செல்லும், இரண்டாவதில் செல்லாது. (பல்கலைக்கழகம் 'மத்திய அரசு அலுவலகம்' ஆகுமா என்பது தனிச் சண்டை. விதிகள் தரும் விளக்கத்தில் அந்தச் சொல்லே இல்லை.)

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. 11-ஆம் விதியில் மாநில மொழி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முதலில் மாநில மொழி, அடுத்து இந்தி, பிறகு ஆங்கிலம், எழுத்தெல்லாம் ஒரே அளவு என்பது உள்துறை அமைச்சகத்தின் சுற்றறிக்கைகளில் வருவது. ஆக, நம்ம ஊர் வளாகப் பலகையில் இந்தி மட்டுமல்ல, தமிழும் இந்த விதிகளின் பலத்தில் நிற்கவில்லை.

நாம் சண்டை போடுவதெல்லாம் வாசல் பலகைக்குத்தான். அங்கே படிக்கும் மாணவருக்கு ஆங்கிலம் போதும். ஆய்வகத்தைக் கூட்டுகிற அம்மாவுக்கு அமில எச்சரிக்கை தமிழில் வேண்டும். கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார்க்காரருக்கு இந்தியிலும் வேண்டும். அங்கே இந்தி எழுதினால் நான் எதிர்க்க மாட்டேன். அடுத்த முறை இப்படி ஒரு வளாகத்துக்குப் போனால், டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் எந்த மொழியில் எழுதியிருக்குன்னு பாருங்க.