மாகாணங்களும் மக்கள் சுகாதாரமும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலுள்ள பள்ளிவாசல்துறையில் ஒரு பெண் கருவுற்றால், அவளுடைய வீடு தேடிச் சென்று நலம் விசாரிப்பவர் மருத்துவமாது. அவருடைய பணியை மேற்பார்வை செய்பவர் சுகாதார வைத்திய அதிகாரி. இவ்விருவரும் மாகாணச் சுகாதார நிருவாகத்தின் கீழ்ப் பணியாற்றுபவர்கள். ஆனால், பிறக்கும் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசியை எந்த மாதத்தில் ஏற்றவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கொழும்பிலுள்ள மத்திய சுகாதார அமைச்சு. ஆகவே, ஒரு குழந்தையின் நலத்தை இரண்டு ஆட்சிகள் சேர்ந்தே காக்கின்றன.

இப்பங்கீடு 1987ஆம் ஆண்டில் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் விளைவாகும். போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கென நிறுவப்பட்டவையும் தவிர்ந்த பொது வைத்தியசாலைகள், தாய் சேய் நலம், போசாக்கு, உணவுச் சுகாதாரம் ஆகியவை மாகாணங்களுக்கு உரியவையாயின. தேசியக் கொள்கை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே நின்றது. புத்தளம் மாவட்டம் அடங்கிய வடமேல் மாகாணமும் இவ்வொழுங்கின்படியே இயங்குகின்றது.

இம்முறையின் பயனை அறிய மலேரியாவின் வரலாற்றை நோக்குதல் தகும். 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் நுளம்புகள் பெருகின. அடுத்த ஆண்டிலும் நீடித்த அக்கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். பின்னர் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டு நோய் தணிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வெற்றி கிட்டிவிட்டதெனக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டிலோ நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தையும் தாண்டிற்று.

1989ஆம் ஆண்டில் மலேரியா ஒழிப்புப் பணி மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நோயாளியைக் கண்டறிதல், இரத்தப் பரிசோதனை, மருந்து தெளித்தல் ஆகியவற்றை மாகாண ஊழியர் நடத்தினர். தொழில்நுட்ப வழிகாட்டலை மத்திய மலேரியா எதிர்ப்பு இயக்கம் தன்னிடம் வைத்துக்கொண்டது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. திட்டம் ஓரிடத்திலும் கைகள் பல இடங்களிலும் இருந்து, இரண்டும் ஒத்துழைத்ததால் விளைந்த பயன் இது.

ஆயினும், இவ்வமைப்பில் குறைகளும் உள. பொறுப்பு மாகாணத்துக்குரியது, பணத்தின் பெரும்பகுதியோ மத்திய அரசின் மானியமாக வருவது. மானியம் தாமதமானால் கிராமத்துப் பணியும் தாமதமாகும். மேலும், 2018இல் வடமேல் மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடைபெறவில்லை. நிருவாகம் ஆளுநரின் பொறுப்பில் நடைபெற்றது. வைத்தியசாலையின் குறையைச் சபையில் எடுத்துரைக்க, மக்கள் தேர்ந்த உறுப்பினர் எவரும் இல்லாத நிலை அது.

நோய்க்கு மாகாண எல்லை தெரியாது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பவல்ல 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' என்னும் நுளம்பு, புத்தளத்துக்கு வடக்கேயுள்ள மன்னாரில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறியப்பட்டது. மன்னார் வட மாகாணம். புத்தளம் வடமேல் மாகாணம். ஒரு மாகாணம் கண்ட செய்தியை மற்றைய மாகாணம் உடனே அறிவதற்கு மத்திய நிறுவனமே பாலமாக நிற்றல் வேண்டும். மாகாணம் ஊக்கமின்றி இருந்தால் மத்திய திட்டம் ஏட்டளவில் நிற்கும்; மத்திய அரசு கைவிட்டால் மாகாணம் தனித்துத் தடுமாறும்.

மக்களுக்கும் இதிற் பங்குண்டு. மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், பயண விவரத்தை வைத்தியரிடம் கூறி இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கிணற்றையும் தொட்டியையும் மூடி வைப்பது வீட்டாரின் கடமை. 1963ஆம் ஆண்டின் வெற்றிக்குப் பின் நேர்ந்த தளர்ச்சி மீண்டும் நேராதிருக்க, அரசுகளின் விழிப்போடு குடிமக்களின் விழிப்பும் சேர்ந்தாக வேண்டும்.