ஞானப் பல்லும் தீவு உத்தியோகமும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் முதன்முறையாகப் பணியேற்கும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பெரும்பாலும் இளம் வயதினர். மனிதனுடைய வாயின் கோடியில் கடைசிப் பற்கள் முளைப்பதும் அதே பருவத்தில்தான். அதாவது, 17 வயதிற்கும் 25 வயதிற்கும் இடையில். இவ்விரண்டும் ஒருங்கே நேர்வது தற்செயலானதே. எனினும் அதன் விளைவு சிறிதன்று. சென்னையிலோ கொல்கத்தாவிலோ வாழ்பவருக்கு முளைத்துவரும் ஞானப் பல் நோவெடுத்தால், அன்று மாலையே பல் வைத்தியரிடம் காட்டிவிடலாம். கச்சால் தீவிலோ காம்ப்பெல் விரிகுடாவிலோ உள்ளவர் கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, பல்லை எடுத்துவிடுவதா, விட்டுவைப்பதா என்னும் வினாவை இத்தீவுகளில் சற்று வேறு வகையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தீவுக் கூட்டம் வடக்குத் தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் பரந்து கிடக்கிறது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர், சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து காம்ப்பெல் விரிகுடா செல்வோர் பத்து டிகிரிக் கால்வாயைக் கடந்து மேலும் 500 கிலோமீட்டருக்கு மேல் கடற்பயணம் செய்தாக வேண்டும். தலைநகரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை உள்ளது. கார் நிக்கோபாரில் உள்ள மருத்துவமனை, 1952இல் இத்தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக நியமனம் பெற்ற பிஷப் ஜான் ரிச்சர்ட்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மற்றத் தீவுகளில் சுகாதார நிலையங்கள் பணியாற்றுகின்றன. ஆயினும், எலும்பினுள் புதைந்த பல்லை அறுத்தெடுப்பது ஒவ்வொரு நிலையத்திலும் செய்யத்தக்க காரியமன்று. அதற்கு எக்ஸ்ரே படம் வேண்டும். எலும்பைக் குடையும் கருவி வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகப் பழகிய கை வேண்டும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது கப்பலும் ஹெலிகாப்டரும் தாமதமாவது தீவினர் நன்கறிந்த செய்தி.

ஞானப் பல் என்னும் பெயர் நமக்கு மேனாட்டு மொழிகளின் வழியே வந்தது. அறிவு முதிரும் வயதில் முளைப்பதால் இப்பெயர். கொரிய நாட்டினர் இதனைக் 'காதல் பல்' என்பர். ஜப்பானியர் 'பெற்றோர் அறியாப் பல்' என்கின்றனர். இது முளைக்கும் வயதில் பிள்ளை பெற்றோரின் பார்வையில் இருப்பதில்லை என்பது கருத்து. மொழிபெயர்ப்பை தொழிலாகக் கொண்ட எமக்கு ஜப்பானியப் பெயரே சாலப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. வீட்டைவிட்டுக் கடல் கடந்து உத்தியோகம் பார்ப்பவரின் பல்லுக்கு இதைவிடத் தக்க பெயர் கிடைப்பது அரிது. மருத்துவர்கள் இதனை மூன்றாம் கடைவாய்ப் பல் என்று மட்டும் குறிப்பிடுவர். மேலும் கீழுமாக இருபுறமும் சேர்த்து இவை நான்கு. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இவற்றுள் ஒன்றேனும் உருவாவதே இல்லை. அதனால் அவர்களுக்கு யாதொரு குறையும் இல்லை.

இப்பல்லுக்கு ஏன் இடம் போதுவதில்லை? டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில், நாகரிக மக்களிடையே இப்பல் தேய்ந்து வருவதைக் குறிப்பிட்டு, சமைத்த மெல்லிய உணவை உண்டு பழகியதால் தாடை குறுகியிருக்கலாம் என்று எழுதினார். பிற்காலத்து ஆராய்ச்சிகள் இக்கருத்திற்கு ஓரளவு ஆதரவளிக்கின்றன. 1980களில் சண்டிகர் வட்டாரத்தில் நகரத்து இளைஞரையும் கிராமத்து இளைஞரையும் ஒப்பிட்டபோது, முரட்டு உணவை மென்று வளர்ந்த கிராமத்தாரிடம் பல்வரிசை அதிக ஒழுங்காக அமைந்திருந்தது. வேட்டையாடி வாழ்ந்தோரின் தாடை, உழுது வாழ்ந்தோரின் தாடையைக் காட்டிலும் நீண்டிருந்தது என்று 2011இல் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பல்லின் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தாடையோ குழந்தைப் பருவத்தில் மெல்லும் வேலைக்கேற்ப வளர்கிறது. 28 பேர் அமரும் பெஞ்சுகளுள்ள வகுப்பிற்கு 32 மாணவர்கள் வந்தால் என்ன நேருமோ அதுவே வாயிலும் நேருகிறது. கடைசியாக வருபவன் சாய்ந்து நிற்பான். அல்லது வாசலிலேயே நின்றுவிடுவான். இதனைக் கொண்டு, பிள்ளைகளுக்குக் கரும்பும் கடலையும் கொடுத்தால் ஞானப் பல் நேராக முளைத்துவிடும் என்று எவருக்கும் வாக்களித்துவிட முடியாது.

வாசலில் நின்றுவிட்ட பல்லே தொல்லைக்கு முதற் காரணம். முழுவதும் வெளிவந்த பல்லைத் துலக்கலாம். முழுவதும் எலும்பினுள் அடங்கிய பல்லைக் கிருமிகள் எளிதில் அணுகுவதில்லை. பாதி வெளிவந்து, மீதி ஈறு போர்த்தியிருக்கும் பல்லின் நிலை வேறு. அவ்வீற்றுப் போர்வையின் அடியில் உணவுத் துணுக்குகள் தங்குகின்றன; தூரிகை அங்கே எட்டுவதில்லை; கிருமிகள் பெருகி ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈற்றை மேற்பல் ஒவ்வொரு கடிப்பிலும் மிதிக்கிறது. வாயில் கெட்ட சுவை, காதுவரை பரவும் வலி, வாயைத் திறக்க இயலாமை ஆகியன தொடர்கின்றன. சில நாட்களில் இது தானே தணிவதுண்டு. தணிந்தது, தீர்ந்தது அன்று. பல்லின் இருக்கை மாறாதவரை மறுபடியும் வரக்கூடும்.

மிக அரிதாக, இத்தொற்று தாடையின் அடியிலும் தொண்டைப் புறத்திலும் இறங்கிவிடும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நாவடித் தசைக்குக் கீழே எட்டுவதே இதற்குக் காரணம். வாயின் தரை இருபுறமும் வீங்கி, நாக்கு மேலெழும்பி, மூச்சுவழி அடைபடும் நிலையை ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் 1836இல் விவரித்தார். கிருமிநாசினி மருந்துகள் வருவதற்குமுன் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று அவ்வாறு இல்லை; ஆனால் அதற்கு மருத்துவமனையை மணிக்கணக்கில் அடைந்தாக வேண்டும், நாட்கணக்கில் அன்று.

அப்படியானால், முளைக்கத் தொடங்கியவுடனேயே எல்லா ஞானப் பற்களையும் களைந்துவிடுவது நன்றல்லவா? பல ஆண்டுகள் சில நாடுகளில் அவ்வாறுதான் செய்து வந்தனர். இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தை நிறுத்துமாறு அறிவுறுத்தியது. நோயில்லாத புதைபல்லை எடுக்கலாகாது. ஈறு வீக்கம் ஒருமுறை மட்டும் வந்திருந்தால், அது மிகக் கடுமையாக இருந்தாலன்றி, பொறுக்கலாம். இரண்டாம் முறை வந்தால் எடுப்பது தகும் என்பது அதன் நெறி. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழுவினர் 2020இல் ஆராய்ந்தபோதும், நோய்க்குறியற்ற பல்லை எடுப்பதே நலம் என்றோ விடுவதே நலம் என்றோ அறுதியிட்டுக் கூறப் போதிய சான்று இல்லை என்றே முடிவு செய்தனர்.

எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. கீழ்த்தாடையின் உள்ளே ஓடும் நரம்பு, உதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது. சிலருக்கு ஞானப் பல்லின் வேர் அதனை ஒட்டியே நிற்கும். அறுவையில் அந்நரம்பு அதிர்ந்தால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடுகிறது. நிலையாக மரத்துப்போவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. வேர் நரம்பைத் தழுவியிருப்பது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தால், முடியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு. வேர் முற்றும் வளராத இளம் வயதில் அறுவை எளிது. வயது ஏற ஏற எலும்பு இறுகி, புண் ஆறுவதும் தாமதமாகிறது.

இவ்வளவும் எவ்வூர்க்கும் பொதுவானவை. தீவில் பணியேற்பவருக்கோ தராசில் இன்னொரு படிக்கல் சேருகிறது, அது தூரம். அமெரிக்கப் படைகளில் வீரர்களின் பற்களைச் சோதிக்கும் வைத்தியர்கள், 'இப்பல் என்றேனும் தொல்லை தருமா?' என்று கேட்பதில்லை. 'அடுத்த 12 மாதங்களுக்குள் அவசர நிலையை உண்டாக்குமா?' என்று கேட்கின்றனர். உண்டாக்கும் எனத் தோன்றினால், சிகிச்சை முடியும்வரை அவ்வீரர் வெளியே அனுப்பத்தக்கவராகக் கருதப்படுவதில்லை. அண்டார்க்டிகாவில் குளிர்காலம் முழுதும் தங்கும் ஆஸ்திரேலிய மருத்துவர், நோயற்றதாயினும் தம் குடல்வாலை முன்னரே அகற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டு விதி. 1961இல் சோவியத் மருத்துவர் ரொகோஸொவ் அங்கே தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுக்க நேர்ந்ததை நினைத்தால் விதியின் காரணம் விளங்கும். கிரேட் நிக்கோபார் அண்டார்க்டிகா அன்று என்பது உண்மை. தூரத்தைக் கண்டஞ்சி நல்ல பல்லையும் எடுத்துவிடுவதை யாம் ஆதரிக்கவில்லை. ஆனால் 12 மாதக் கேள்வி, இரண்டாண்டு உத்தியோகத்திற்குச் செல்பவர் தம் வைத்தியரிடம் கேட்கத்தக்க கேள்வியே.

அக்கேள்வியை வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன. ஏற்கெனவே ஒருமுறை ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் அவதியுற்றவர், பல் இன்னும் பாதி மூடியே இருக்குமானால், சென்னையில் வாழ்பவரைப் போல இரண்டாம் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கப்பலேறுமுன் எடுத்துவிடுவதே விவேகம். படுக்கைவாட்டில் கிடந்து முன்பல்லை முட்டும் பல்லும், இரண்டிற்குமிடையே சொத்தை கண்ட பல்லும் அவ்வாறே. இங்கே காப்பாற்ற வேண்டியது முன்னுள்ள நல்ல கடைவாய்ப் பல். சற்றே வியப்பளிப்பது இது: ஈறு வீக்கத்திற்கு அதிகம் ஆளாவது விகாரமாகச் சாய்ந்த பல்லன்று, நேராக எழுந்து, மற்றப் பற்களின் மட்டத்தை நெருங்கி, பின்பகுதியில் மட்டும் ஈறு போர்த்திய பல்லே. அப்பல்லுக்குப் பின்னே இடமிருந்தால் சில மாதங்களில் தானே முழுதும் வெளிவந்துவிடக்கூடும். இடமுண்டா என்பதை எக்ஸ்ரே படம் சொல்லும். கண்ணாடியைப் பார்த்து நாமே தீர்மானிக்க இயலாது. ஆழத்தில் அமைதியாக உறங்கும் பல்லையும், முழுதும் முளைத்து நன்கு துலக்கத்தக்க பல்லையும் தூரத்தின் பெயரால் தொடவேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை விடுப்பில் வரும்போது காட்டிச் செல்வது போதும்.

எடுப்பதென்று முடிவானால், எப்போது என்பதும் முக்கியம். பல் இருந்த குழியில் உறையும் இரத்தக் கட்டியே புண்ணுக்குக் காப்பு. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெறுமையாகிக் கடும் வலி உண்டாகும். இது பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டித் தொடங்குகிறது. கீழ் ஞானப் பல்லை எடுத்தவர்களிடமே அதிகம் காணப்படுகிறது. புகைப்பிடிப்போரிடம் மேலும் அதிகம். எனவே, திங்களன்று பல்லை எடுத்துச் செவ்வாயன்று கப்பலேறுவது சிக்கனமாகத் தோன்றினும் தவறான கணக்கு. குறைந்தது ஒரு வாரம் நகரிலேயே தங்குமாறு விடுப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் இதற்கு ஏற்றவை.

முன்னேற்பாடு செய்யாதவருக்கு வெளித்தீவில் ஈறு வீங்கினால் என் செய்வது? ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு நாளைக்குப் பலமுறை கொப்பளிக்க வேண்டும். வலித்தாலும் அவ்விடத்தை மென்மையாகத் துலக்குவதை நிறுத்தலாகாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் அடக்கி வைப்பது ஈற்றைப் பொசுக்கிவிடும். புகையிலையை அடக்குவதும் தீங்கே. கிருமிநாசினி மாத்திரைகளைச் சுகாதார நிலையத்தார் சொன்னாலன்றி உட்கொள்ள வேண்டா. காய்ச்சல், விழுங்க இயலாமை, இரண்டு விரல் நுழையுமளவு கூட வாய் திறவாமை, தாடையடியில் கெட்டியான வீக்கம், குரல் மாறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அடுத்த கப்பலுக்குக் காத்திராமல் மருத்துவ அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மூச்சு வாங்கினால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பெற்ற கடலடிக் கம்பி சென்னையைப் போர்ட் பிளேயருடனும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான் முதலிய தீவுகளுடனும் இணைக்கிறது. வாயின் படத்தையும் எக்ஸ்ரே படத்தையும் தொலைவிலுள்ள வல்லுநருக்கு நொடியில் காட்டுவதற்கு இவ்வசதி பயன்படும். கம்பி வழியே பல்லை எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமா என்பதை அறிய முடியும்.

இறுதியாகப் பாக்கைப் பற்றி ஒரு சொல். பாக்கு இத்தீவுகளின் முக்கிய விளைபொருள். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கமும் இங்கே பரவலாக உள்ளது. இடைவிடாமல் பாக்கு மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறம் நாளடைவில் வெளுத்து நாராக இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். இளைஞர் சிலர் இதனை ஞானப் பல்லின் தொல்லை என்று எண்ணிவிடுகின்றனர். பல்லால் வரும் இறுக்கம் ஓரிரு நாட்களில், வலியோடு, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் வரும். பாக்கால் வருவது மாதக்கணக்கில், காரம் பட்டால் எரிச்சலோடு வரும். இது புற்றுநோயாக மாறக்கூடியதாகையால், இவருக்கு வேண்டிய சோதனை முற்றிலும் வேறு.