ஆஸ்பத்திரியில் சுவர் இடிக்கிறார்களா?

வீட்டில் ஒரு சுவரை இடித்தால், மூடி வைத்த அரிசி டின் மேல்கூடப் புழுதி படிந்துவிடும். நாமும் இரண்டு நாள் அலுத்துக்கொண்டே துடைத்துவிட்டு மறந்துவிடுவோம். ஆஸ்பத்திரியில் அப்படி விட்டுவிட முடியாது, சகோதரிகளே. அங்கே படுத்திருக்கும் சிலருக்கு அந்தப் புழுதியே எமனாகலாம்.

காரணம் இதுதான். பழைய சுவரிலும், ஈரம் கண்ட ஃபால்ஸ் சீலிங்கின் மேல்புறத்திலும் 'ஆஸ்பர்ஜில்லஸ்' என்ற பூஞ்சைக் காளானின் வித்துக்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் 2, 3 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இடிக்கும்போது கிளம்பும் இந்த வித்துக்கள் வெகுநேரம் காற்றில் மிதக்கும். நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களை இவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் இவர்களுக்கோ எதிர்ப்புச் சக்தி குறைவு. நுரையீரலில் பூஞ்சை வளர்ந்து உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

என் நாத்தனார் மகன் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்தபோது, அதே மாடியில் டைல்ஸ் உடைக்க ஆரம்பித்தார்கள். தடுப்பு என்று பார்த்தால் ஒரு பழைய படுதா! "கதவைச் சாத்திக்குங்கம்மா, சரியாப் போயிடும்" என்றார் மேஸ்திரி. நாங்கள் டாக்டரிடம் ஓடினோம். அவர் வேலையை நிறுத்தச் சொல்லி, பையனை அன்றைக்கே வேறு தளத்துக்கு மாற்றினார். பையன் இப்போது சௌக்கியம். மறுநாள் முறையான தடுப்புச் சாமான்கள் வந்தன. கட்டிடப் பராமரிப்பு இன்ஜினீயர் ஒவ்வொன்றாக விளக்கினார்.

முதலில் தடுப்பு. சின்ன ரிப்பேர் என்றால், சக்கரம் வைத்த கொசுவலைக் கூடாரம் மாதிரி ஒன்று போதும். ஏணியோடு ஆள் உள்ளே நின்று சீலிங்கைத் திறக்கலாம். பெரிய வேலைக்குத் தரையிலிருந்து கான்கிரீட் தளம் வரை கனமான பிளாஸ்டிக் ஷீட் கட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, ஜிப் வைத்த வாசல் விட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் மேல்வழியாகத் தூசி தாண்டிவிடும். ஷீட் எளிதில் தீப்பிடிக்காத ரகமாக இருக்க வேண்டும். பல வாரம் நடக்கும் வேலைக்குப் பலகைச் சுவரே நல்லது. ஏ.சி. காற்று வரும் துவாரங்களையும் அடைக்க வேண்டும்.

அடுத்து, காற்றை இழுக்கும் மெஷின். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் தாளிப்புப் புகையை இழுக்கிறதல்லவா, அதே தத்துவம்தான். வராந்தாக் காற்று உள்ளே போகுமே தவிர, உள்காற்று வெளியே வராது. மெஷினில் 'ஹெப்பா' ஃபில்டர் இருக்க வேண்டும். 0.3 மைக்ரான் துகளையே நூற்றுக்கு 99.97 வரை பிடிக்கும். இடத்தின் அளவுக்கேற்ற சக்தி இருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். வாசல் இடுக்கில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது உள்பக்கம் சாய வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் தடுப்பு போட்டும் பிரயோஜனமில்லை.

சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய தூசியை வைத்துக்கொண்டு, பொடித் தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும். அதிலும் ஹெப்பா வேண்டும். வாசலில் ஒட்டும் மிதியடி, இடிபாட்டை எடுத்துப் போக மூடியுள்ள வண்டி, ஈரத்துணித் துடைப்பான் இவையும் அவசியம். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது.

நமக்கென்ன வந்தது என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு நோயாளி படுத்திருக்கும் தளத்தில் சுத்தியல் சத்தம் கேட்டால் உடனே நர்ஸிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தடுப்பு மேல்தளம் வரை இருக்கிறதா? காற்று எந்தப் பக்கம் போகிறது? இவரை வேறு தளத்துக்கு மாற்ற முடியுமா? எக்ஸ்ரேவுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டுமென்றால், என்-95 மாஸ்க் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தயங்க வேண்டாம், நம் பிள்ளைக்காகக் கேட்கிறோம்.