சோப்புக்கு மசியாத பிரேக் தூசி

டிஸ்க் பிரேக் உள்ள காரில் வீலின் உட்புறமும் கம்பிகளின் இடுக்குகளும் கருத்துப்போவதற்குக் காரணம் பிரேக் தூசி. சாலைப் புழுதியும் சேறும் ஷாம்புத் தண்ணீரோடு ஓடிவிடும். பிரேக் தூசியில் ஒரு பகுதி மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் அப்படியே நிற்கும். அதில் பெரும்பங்கு இரும்பு. அதுவும் துருப்பிடித்து ஒட்டிய இரும்பு. அதை நீக்கக் கைவலு உதவாது, கரைக்கத்தான் வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கறையைவிட வீலின் பளபளப்பே முதலில் போகும்.

தூசி எங்கிருந்து வருகிறது?

வீலோடு சேர்ந்து சுழலும் டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. பிரேக்கை மிதித்ததும் காலிப்பர், இரு பக்கமும் உள்ள பேடுகளை டிஸ்க்கின் மேல் இறுக்குகிறது. காரின் வேகம் உராய்வில் வெப்பமாக மாறுகிறது. அந்த உராய்வில் பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. எஃகு இழை, கிராஃபைட், ரப்பர்த்தூள், கரகரப்பான கனிமத் துகள்கள் எனப் பல பொருள்களை ஃபீனாலிக் பிசினால் பிணைத்துச் செய்யப்படுவது பேடு. புதிய பேடின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவார்கள். இடையில் காணாமல் போன அத்தனையும் தூசியாக உதிர்ந்ததுதான். ஒரு பங்கு காற்றில் கலக்க, ஒரு பங்கு வீலில் படிகிறது.

உதிரும் துகள் சூடாக இருக்கும். பிசினும் சாலையின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அதை வீலின் பெயின்ட்டுக்கு மேலுள்ள கிளியர் கோட்டில் ஒட்டவைக்கின்றன. முதல் சில நாட்களில் சாதாரண கார் ஷாம்புவே பெரும்பகுதியை எடுத்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் மழையும் பனியும் பட்டு இரும்பு துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். துகள் பருத்து, கிளியர் கோட்டை இறுகப் பற்றிக்கொள்கிறது. வெள்ளி நிற வீல்களில் கழுவிய பிறகும் தெரியும் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் இவைதான்.

கண்ணுக்குத் தெரியாத துகளைக் கையால் கண்டுபிடிக்கலாம். கழுவிக் காய்ந்த வீலை, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவ வேண்டும். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றிய இடம்கூட அப்போது உப்புத்தாளைப்போலச் சொரசொரக்கும்.

எந்த வீலில் அதிகம்?

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பக்க பிரேக்குகளுடையது. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன்னே டிஸ்க், பின்னே ட்ரம். ட்ரம்மில் தூசி பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுவதால், முன்வீல் கருத்திருக்க, பின்வீல் பளிச்சென்று இருப்பது இயல்பு.

இடது முன்வீலும் வலது முன்வீலும் ஏறக்குறைய ஒரே அளவில் கருக்க வேண்டும். ஒன்று மட்டும் விரைவில் கருத்துப்போனால், காலிப்பர் பின்னோ பிஸ்டனோ சிக்கிக்கொண்டு, பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்; வீலைக் கழுவுவது அதற்குப் பிறகு.

மூன்று வகைக் கிளீனர்கள்

கடைகளில் கிடைக்கும் வீல் கிளீனர்கள் அமிலம், காரம், நடுநிலை என மூன்று வகை. அமில வகையில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, தண்ணீரில் அந்த அமிலத்தின் குணத்தைக் காட்டும் அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். கறை சட்டென்று போகும். ஆனால் இந்த அமிலம் தோலுக்குள் ஊடுருவி, உடலிலுள்ள கால்சியத்தையே தாக்கக்கூடியது. காஸ்டிக் சோடா கலந்த கார வகை, எண்ணெய்ப் பசையை நன்றாக எடுக்கும். அலாய் வீலின் மூல உலோகமான அலுமினியத்தை அமிலமும் அரிக்கும், காரமும் அரிக்கும். கிளியர் கோட்டில் சிறு கீறல் இருந்தாலே போதும். அதன் வழியே உள்ளே இறங்கி வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கிவிடும்.

வீட்டில் பயன்படுத்த ஏற்றது நடுநிலை வகை. இதில் வேலை செய்யும் பொருள் தயோகிளைகோலேட். முடியைச் சுருளவைக்கும் திரவங்களிலும், முடி நீக்கும் கிரீம்களிலும் இருக்கும் அதே குடும்பம்தான். முட்டை அழுகியதுபோன்ற வாடைக்கும் அதுவே காரணம். இது இரும்பைப் பிடித்து, தண்ணீரில் கரையும் சேர்மமாக மாற்றுகிறது. அந்தச் சேர்மம் ஊதா நிறம். தெளித்த ஓரிரு நிமிடத்தில் வீலில் ஊதாக் கோடுகள் வழியத் தொடங்கினால் இரும்பு கரைகிறது என்று பொருள். நிறமே வராத இடத்தில் மிஞ்சியிருக்கும் கறுப்பு பெரும்பாலும் தாராகவோ கிரீஸாகவோ இருக்கும்; அதற்கு வேறு மருந்து.

கழுவும் வரிசை

வீல் ஆறியிருக்க வேண்டும். கார் நிழலில் நிற்க வேண்டும். சூடான உலோகத்தில் கிளீனர் உடனே காய்ந்து தானே கறையாகிவிடும். காரின் மேற்பகுதிக்கு முன்பே வீல்களை முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கழுவிய கதவுகளில் அழுக்குத் தெறிக்கும். வீலுக்கென்று தனி வாளி, தனி துணி, தனி பிரஷ் வேண்டும். வீலைத் தேய்த்த துணியில் தங்கும் இரும்புத்துகள், கதவின் பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் கீறல் போடும்.

ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒரு நேரத்தில் ஒரு வீலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் தண்ணீரை வேகமாக அடித்து உதிரி அழுக்கை விரட்ட வேண்டும். தண்ணீர் வடிந்ததும் கிளீனரை முகப்பிலும் உட்புறத்திலும் தெளித்து, பாட்டிலில் குறிப்பிட்ட நேரம், பொதுவாக 2 முதல் 5 நிமிடம், காயாமல் ஊறவிட வேண்டும். பிறகு முகப்புக்கு மென்மையான பிரஷ், உட்புறத்துக்கு நீளக்கைப்பிடி பிரஷ், வீல் நட் குழிகளுக்குச் சின்ன பிரஷ் என்று அழுத்தாமல் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும். பழைய கறைக்கு ஒரே தடவை போதாது. மறுபடி தெளிக்கும்போது ஊதா நிறம் குறைந்துகொண்டே வரும்.

அதன் பிறகும் நிற்கும் கரும்புள்ளிகளுக்குத் தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி எடுக்கலாம். கடைசிச் சொரசொரப்புக்குக் கிளே பார் இருக்கிறது. ஷாம்புத் தண்ணீரால் வீலை வழுக்கலாக்கி, அந்தக் களிமண் கட்டியை மெதுவாக இழுத்தால், பதிந்த துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கட்டி தரையில் விழுந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்; அதில் ஒட்டிய மணல் கீறிவிடும். முடிவில் மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். போர்வெல் தண்ணீரைத் தானாகக் காயவிட்டால் உப்புக் கறை படியும். காரை எடுத்ததும் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை லேசாக பிரேக் பிடித்தால் நனைந்த டிஸ்க் காய்ந்துவிடும்.

செய்யக் கூடாதவை

கழிவறை கழுவும் திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. அலாய் வீலுக்கு அது எமன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் உப்புத்தாளும் கிளியர் கோட்டை உரித்துவிடும். மண்ணெண்ணெய், டயர் பாலிஷ், மெழுகு எதுவும் டிஸ்க்கிலும் பேடிலும் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிமானம் குறையும். காய்ந்த பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதுவதும் தவறு. நுரையீரலைப் பாதிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பழைய பேடுகளில் இருந்தது. இன்றைய பேடுகளின் நுண்தூசியும் சுவாசிக்கத் தக்கதல்ல.

முகப்பை இயந்திரத்தில் கடைந்து பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீல்களில், கிளியர் கோட்டுக்கு அடியில் வெண்ணிற நெளிகோடுகள் தோன்றினால் அது தூசி அல்ல, அலுமினிய அரிப்பு. எந்தக் கிளீனராலும் அது போகாது. முகப்பை மறுபடி கடைந்து புதிதாகக் கோட்டிங் போடுவதே வழி.

மறுபடி படியாமலிருக்க

சுத்தமான வீலில் மெழுகோ, வெப்பம் தாங்கும் வீல் சீலன்ட்டோ, செராமிக் கோட்டிங்கோ பூசினால் தூசி படிவது நிற்காது; ஆனால் இறுகப் பற்றாது. வாரம் ஒருமுறை ஷாம்புக் கழுவலே போதுமென்றாகிவிடும். பேடு மாற்றும்போது உலோகம் அதிகமுள்ள செமி மெட்டாலிக் வகைக்குப் பதிலாக, அந்தக் காருக்குப் பொருந்தும் செராமிக் பேடு போட்டால் தூசி குறையும். விழும் தூசியும் வெளிர் நிறமாக இருக்கும்.

தூசியைப் பிறப்பிடத்திலேயே குறைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. மழைநீரோடு ஆறுகளில் சேர்ந்து மீன்களைப் பாதிக்கும் தாமிரத்தை பேடுகளில் கட்டுப்படுத்த, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2010-இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 விதிகள் முதன்முறையாக பிரேக் தூசிக்கே வரம்பு வைத்துள்ளன: பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். போர்ஷே நிறுவனம் 2017-இல் அறிமுகமான கயென் காருக்கு டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்கை அளித்து, அதன் காலிப்பருக்கு வெள்ளை பெயின்ட் அடித்தது; வெள்ளை அழுக்காகாது என்பதே அதன் விளம்பரம்.

மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக மாற்றிக்கொள்வதால் பேடுக்கு வேலை குறைவு, தூசியும் குறைவு. ஆனால் அதிகம் பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் அவ்வப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பேடு அந்தத் துருவைத் துடைத்துவிடும். அப்போது வீலில் படியும் கொஞ்சம் செந்தூசியை ஷாம்புத் தண்ணீரே கழுவிவிடும்.