அளவு மாறினால் ஆபத்து



ஒருவர் தாறுமாறாகப் பேசினால் "மரை கழன்றுவிட்டது" என்று கேலி செய்கிறோம். ஸ்குரூ என்று நாம் சொல்லும் திருகாணியின் உடலைச் சுற்றி ஓடும் வரிகளுக்குத்தான் மரை என்று பெயர். வீட்டு மின்விசிறியையும் கார் சக்கரத்தையும் பிடித்து நிறுத்துவது அந்த மரைதான். ஆனால், "ஏதோ ஒன்றைப் போட்டு முறுக்கினால் போதும்" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது எவ்வளவு ஆபத்தானது?

1990 ஜூன் 10ஆம் தேதி, பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், நடுவானில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். நல்ல வேளையாக எல்லாரும் உயிர் தப்பினர். காரணம் என்ன தெரியுமா? புதிய கண்ணாடியைப் பொருத்தப் பயன்படுத்திய 90 போல்ட்டுகளில் 84 மெலிந்தவை. வித்தியாசம் 0.66 மில்லிமீட்டர்தான்! பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்ததால் வந்த வினை அது.

ஆகவே, திருகாணிகளின் வகைகளை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மரத் திருகாணியின் முனை கூர்மையாகவும் மரைகள் இடைவெளி விட்டும் இருக்கும். மரத்தில் தானே வழி செய்துகொண்டு இறங்கும். முதலில் சிறு துளை போட்டால் பலகை பிளக்காது.

மெல்லிய தகரத்துக்கென்று கடினமான திருகாணி உண்டு. துளைக்குள் அது தானே மரை வெட்டிக்கொள்ளும்.

போல்ட் அப்படியல்ல. அதன் முனை மழுங்கலாக இருக்கும். நட்டோடு சேர்ந்தே பிடிக்கும். எம் 8 என்றால் விட்டம் 8 மில்லிமீட்டர். ஆனால் அதே எம் 8இல் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு, 1 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு. ஒன்றின் நட்டை மற்றொன்றில் வலுக்கட்டாயமாக முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பது அதன் வலிமையைக் குறிக்கும். 10.9 உள்ள இடத்தில் 8.8 போடலாகாது.

நம் அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட் சுவரில் மரத் திருகாணி மட்டும் நிற்காது. பிளாஸ்டிக் பிளக் வேண்டும். கனமான பொருளென்றால் உள்ளே விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள தடுப்புச் சுவருக்கு அதற்கென்றே வேறு பிளக் இருக்கிறது.

அதிரும் இடங்களில் நைலான் வளையம் வைத்த நட்டைப் போடுவார்கள். அதைக் கழற்றினால் புதியது போடுவதே நல்லது. பழைய நைலானுக்குப் பிடிப்பு குறைந்திருக்கும்.

கார் சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். சிறிது தூரம் ஓடிய பின் மீண்டும் சோதியுங்கள்.

ஹார்ட்வேர் கடைக்குப் போகும்போது பழைய திருகாணியைக் கொண்டுபோவது நல்ல பழக்கம். ஆனால் கண்ணை மட்டும் நம்பாமல் அளந்து வாங்குங்கள். புதிய நட்டு விரலாலேயே சீராக ஏற வேண்டும். ஏறிய பின் ஆட்டம் காணக்கூடாது.

திருகாணியின் விலை சில காசுகள்தான். அது தாங்கி நிற்பதோ நம் குடும்பத்தாரின் உயிர்.